முதல் கப்பல் எது? துலாம்பென், கோரோன், மட்டக்களப்பு

அக்கா மகன் போன மாதம் ஒரு நாள் ராத்திரி போன் செய்தான். புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங்கின் (சிலிண்டர் மாட்டிக் கடலுக்கடியில் நீந்துவது) முதல் படிப்பான ஓப்பன் வாட்டரை முடித்துவிட்டான், இதுவரை 14 டைவ் ஆகியிருக்கிறது. "மாமா, அடுத்தது மூழ்கிக் கிடக்கிற கப்பல்லதான் இறங்கணும். ஹெர்மிஸ் போலாமா? மட்டக்களப்புதானே, பக்கத்துலயே இருக்கு" என்றான். கையில் எட்டு நாள் விடுப்பு, ஒரே ஒரு பயணத்துக்கான பணம். ஹெர்மிஸ் முடியாவிட்டால் பிலிப்பைன்ஸில் கோரோன், அதுவும் முடியாவிட்டால் பாலித் தீவின் துலாம்பெனில் லிபர்ட்டி என்று மூன்று பெயரை அவனே எழுதி வைத்திருந்தான்.

நான் அந்த வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்பச் சொன்னேன். ஏன் என்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மூன்று ஊர்க் கடலிலும் இறங்கியிருக்கிறேன். ஹெர்மிஸில் மட்டும் இல்லை. அதற்கான காரணம் கீழே வருகிறது.

கப்பலின் பெயரும் கதையும் நம்மை இழுக்கும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அது எத்தனை மீட்டரில் கிடக்கிறது என்பதைத்தான். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது, காற்றுச் செலவும் அதே கணக்கில் ஏறுகிறது. தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 10 மீட்டரில் 40 லிட்டர் இழுப்பார், 25 மீட்டரில் 70, 53 மீட்டரில் 126. வழக்கமாக வாடகைக்குக் கிடைக்கும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்று நிரப்பி, கடைசி 50 பாரைத் தொடாமல் வைத்தால் செலவுக்கு 1,650 லிட்டர் இருக்கும். அது 10 மீட்டரில் 41 நிமிடம் வரும், 25 மீட்டரில் 23 நிமிடம். 53 மீட்டரில் 13 நிமிடம்தான். இதிலேயே இறங்கவும் வேண்டும், ஏறவும் வேண்டும். புதிதாக டைவ் செய்பவர் கப்பலைக் கண்ட பரவசத்தில் 20 லிட்டரோடு நிற்க மாட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காற்று ஒரு பக்கம், உடம்பில் கரையும் நைட்ரஜன் இன்னொரு பக்கம். அவசரமாக மேலேறினால் அது குமிழியாகி அழுத்த நோய் தரும். படி ஏறுவது போல இடையில் நின்று நின்று மேலேறும் கட்டாயம் இல்லாமல் கீழே இருக்கக்கூடிய நேரம், பேடி என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் அட்டவணைப்படி 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம், 40 மீட்டரில் 9 நிமிடம். 30 மீட்டரைத் தாண்டினால் அதே நைட்ரஜன் மயக்கமும் தர ஆரம்பிக்கும். குடித்தவர் போலத் தைரியம் வரும், கணக்கு தப்பும். அதனால்தான் ஓப்பன் வாட்டர் சான்றிதழ் 18 மீட்டரோடு நிறுத்துகிறது, அதற்கடுத்த படிப்பான அட்வான்ஸ்டு 30 மீட்டரோடு. பொழுதுபோக்கு டைவிங்குக்குக் கடைசி எல்லை 40 மீட்டர்.

இப்போது மூன்று இடத்தையும் அந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். லிபர்ட்டி சுமார் 5 மீட்டரில் தொடங்கி 30 மீட்டரில் முடிகிறது. கோரோனில் கப்பலுக்குக் கப்பல் வேறுபடும். பெரிய கப்பல்களில் பல 20 மீட்டருக்குக் கீழே தொடங்கி 40 மீட்டரைத் தொடுகின்றன. ஹெர்மிஸ் கிடப்பது 53 மீட்டரில்.

துலாம்பென் பாலியின் வடகிழக்குக் கரையில், ஆகுங் எரிமலையின் அடிவாரத்தில் இருக்கும் சின்ன ஊர். தென்பாலியின் விமான நிலையத்திலிருந்து காரில் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். லிபர்ட்டி 1918-இல் அமெரிக்காவில் கட்டிய சரக்குக் கப்பல். பெயரை வைத்து, இரண்டாம் உலகப் போரில் நூற்றுக்கணக்கில் கட்டித் தள்ளிய 'லிபர்ட்டி ரக' கப்பல் என்று பலர் எழுதிவிடுகிறார்கள்; இது அவற்றுக்கு ஒரு தலைமுறை மூத்தது. 1942 ஜனவரி 11 அன்று லொம்போக் நீரிணையில் ஜப்பானிய நீர்மூழ்கி இதை டார்பிடோவால் அடித்தது. ரப்பரும் ரயில்வே சாமான்களும் ஏற்றியிருந்த கப்பலை ஓர் அமெரிக்க நாசகாரிக் கப்பலும் ஒரு டச்சு நாசகாரிக் கப்பலும் சிங்கராஜா துறைமுகத்துக்கு இழுத்துப் போகப் பார்த்தன. தண்ணீர் ஏறிக்கொண்டே போனதால் துலாம்பென் கரையில் தரைதட்ட விட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் கரையிலேயே கிடந்தது, கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி எடுத்துவிட்டார்கள். 1963-இல் ஆகுங் வெடித்தபோது அந்த அதிர்வும் குழம்பும் கப்பலைக் கடலுக்குள் தள்ளிவிட்டன. நெருப்பில் பிறந்த கறுப்பு மணல் சரிவில், கரைக்கு இணையாக, கரையிலிருந்து சுமார் 30 மீட்டர் தள்ளி அன்றிலிருந்து கிடக்கிறது.

இந்த 30 மீட்டர்தான் புதியவருக்கு வரம். படகு வேண்டாம், அலையில் ஆடிக்கொண்டு உபகரணம் மாட்ட வேண்டாம். கரையில் இருந்து நடந்தே இறங்கலாம். சிலிண்டர்களை உள்ளூர்ப் பெண்கள் தலையில் சுமந்து கொண்டுவந்து தண்ணீர் ஓரத்தில் வைத்துவிடுவார்கள். ஒரு சிலிண்டர், சில சமயம் இரண்டு, சும்மாடு மாதிரி சுருட்டிய துணியின் மேல். கூழாங்கல் மேட்டில் வெறுங்கையோடு நானே தடுமாறி நடக்கையில் அவர்கள் கையை வீசி நடந்ததைப் பார்த்து நின்றுவிட்டேன். அந்தக் கல்தான் துலாம்பெனில் ஒரே தொந்தரவு. முட்டை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை உருண்டைக் கற்கள், அலை வாங்கும்போது காலடியில் உருளும். காலில் மாட்டும் ஃபின்னைக் கையில் பிடித்துக்கொண்டு, மாஸ்க்கையும் மூச்சிழுக்கும் ரெகுலேட்டரையும் மாட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீர் வந்ததும் தயங்காமல் படுத்து நீந்திவிட வேண்டும். முழங்காலளவில் நின்று யோசித்தால் அடுத்த அலை ஆளை உருட்டிவிடும். தடித்த அடி உள்ள பூட் இல்லாமல் போகாதீர்கள்.

நான் ஆறு மணிக்கு இறங்கினேன். வெளிச்சம் இன்னும் சாம்பல் நிறம். ஏழெட்டு மீட்டரில் முதலில் தெரிந்தது இரும்பு இல்லை, நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளம் இருக்கும். கப்பலுக்குள் தூங்கி எழுந்து கூட்டமாக வெளியே வந்துகொண்டிருந்தன. என்னைத் தாண்டும்போது ஒன்று பவளத்தைக் கடித்தது. கல்லை உடைப்பது போல அந்தச் சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்டது. அது போன பிறகு பின்னால் மணல் புகை போல ஒரு கோடு. கப்பலின் விலா எலும்புகள் மாதிரி நிற்கும் சட்டங்களில் மென்பவளமும் விசிறிப் பவளமும் அப்பி, எது இரும்பு எது உயிர் என்று பிரிக்க முடியவில்லை. சரக்கறை மேலே திறந்து கிடப்பதால் உள்ளே போனாலும் தலைக்கு மேல் வெளிச்சம் இருக்கும். கூரைக்கு அடியில் அடைபடும் பயம் இல்லாமல் ஒரு கப்பலுக்குள் இருக்கும் அனுபவத்தை 14 டைவ் ஆனவருக்கு இவ்வளவு பத்திரமாகத் தரும் வேறு கப்பலை நான் பார்த்ததில்லை. கப்பலைத் தாண்டி மணலில் விலாங்குக் குஞ்சுகள் போலத் தோட்டவிலாங்குகள் பாதி உடம்பை நட்டுக்கொண்டு ஆடும்; கிட்டே போனால் எல்லாம் ஒன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

குறை இல்லாமல் இல்லை. ஒன்பது, பத்து மணிக்கு மேல் தென்பாலியிலிருந்து வேன் வேனாக ஆள் வந்துவிடும், கப்பலுக்கு மேல் ஃபின் அடிக்கும் கால்கள்தான் தெரியும். ஆகவே துலாம்பெனிலேயே ராத்தங்க வேண்டும், விடியற்காலையிலும் மாலையிலும் இறங்க வேண்டும். இன்னொன்று: கப்பல் சிதைந்துவிட்டது. எஞ்சின் அறைக்குள் நுழைந்து படிக்கட்டு ஏறிப் பார்க்கும் ஆசை உள்ளவருக்கு லிபர்ட்டி போதாது.

அந்த ஆசை உள்ளவருக்குத்தான் கோரோன். பலாவான் மாகாணத்தில், புசுவாங்கா தீவைச் சுற்றிய விரிகுடா. 1944 செப்டம்பர் 24 அன்று அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் இங்கே ஒளிந்திருந்த ஜப்பானிய வழங்கல் கப்பல்களைத் தாக்கின. ஒரே காலையில் அடிபட்ட கப்பல்கள் இன்று ஒரே வாரத்தில் பார்க்கக்கூடிய தூரத்தில் கிடக்கின்றன. ஒரு பயணத்தில் ஒரு கப்பல் என்ற கணக்கே இங்கே இல்லை. ஒக்கிக்காவா மாரு என்ற எண்ணெய்க் கப்பலின் மேல்தளம் 10 மீட்டர் சொச்சத்தில் ஆரம்பிக்கும், அடி 26 மீட்டர். லூசோங் தீவை ஒட்டிக் கிடக்கும் சின்னக் கப்பல், மேலே மிதந்தபடி ஸ்நார்க்கல் செய்பவருக்கே தெரியும். கோக்யோ மாரு வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கிறது. அதன் சரக்கறையில் கல்லாய் இறுகிய சிமெண்டு மூட்டைகளும் ஒரு புல்டோசரும் அப்படியே இருக்கின்றன. கடல் விமானங்களைப் பராமரித்த அகிட்சுஷிமாவும், கடற்படைக்கு உணவு கொண்டுபோன குளிர்பதனக் கப்பல் இராக்கோவும் ஆழமானவை. இராக்கோவின் அடி 40 மீட்டரைத் தாண்டும்.

கோரோன் கப்பல்கள் லிபர்ட்டியைவிட முழுமையாக இருக்கின்றன. அதுதான் அவற்றின் அழகு, ஆபத்தும் அதுதான். விரிகுடாவின் தண்ணீர் பாலியைப் போலத் தெளிவில்லை. சில நாள் 15 மீட்டர் தெரியும், சில நாள் ஐந்தாறுதான். உள்ளே எண்பது வருடப் படிவு மாவு போலப் படிந்திருக்கிறது. நீச்சல் பயிற்சியில் பழகிய மாதிரி காலை மேலும் கீழும் அடித்தால் போதும், முழுதும் கலங்கிவிடும். நாம் விடும் காற்றுக்குமிழ்கள் கூரையில் மோதித் துருவை உதிர்க்கும். அதை நிறுத்த வழியே இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்போது 40 டைவ் தாண்டியிருந்தேன், கப்பலுக்குள் நுழையும் பயிற்சி எடுத்திருக்கவில்லை. வழிகாட்டி எங்கள் நான்கு பேரிடமும் எதையும் கேட்காமல் ஒரு கப்பலின் எஞ்சின் அறைக்குள் அழைத்துப் போனார். நானும் மறுக்கவில்லை. எனக்கு முன்னால் போனவர் ஒரு குழாயில் முட்டித் திரும்பினார், அவருடைய ஃபின் ஒரே ஒரு முறை தரையைத் தொட்டது. டார்ச் வெளிச்சம் பால் கலந்த காப்பி நிறமானது, பிறகு அதுவும் போனது. என் கையை என் மாஸ்க்குக்கு முன்னால் வைத்தும் விரல் தெரியவில்லை. இடது கை ஒரு கம்பியைத் தொட்டது, அதை விடாமல் பிடித்துக்கொண்டு மூச்சை மட்டும் எண்ணினேன். வழிகாட்டி திரும்பி வந்து தோளைத் தட்டி, கையைப் பிடித்து வெளியே இழுத்தபோது கணக்கில் மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. வெளியே வந்து அளவியைப் பார்த்தேன், 70 பார் குறைந்திருந்தது.

அதற்கு அப்புறம்தான் முறையாகக் கற்றேன். வெளியே கட்டித் தொடங்கும் வழிக்கயிறு, ஆளுக்கு மூன்று விளக்கு, காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு. காலைத் தவளை போல விரித்து உதைத்தால் தரை கலங்காது. இவ்வளவும் கைவந்த பிறகு அதே கோரோனுக்குத் திரும்பப் போனேன், கோக்யோ மாருவின் சரக்கறைகளில் நிதானமாக இருந்தேன், அது என் வாழ்நாளில் சிறந்த டைவ்களில் ஒன்று. ஆகவே கோரோனை வேண்டாம் என்று சொல்லவில்லை. அட்வான்ஸ்டு சான்றிதழும், முப்பது நாற்பது டைவும், தண்ணீரில் அசையாமல் மிதக்கும் பழக்கமும் வந்த பிறகு போங்கள் என்கிறேன். அதற்கு முன்பே போக நேர்ந்தால் ஒக்கிக்காவா மாருவின் வெளிப்பக்கத்தோடு நில்லுங்கள். "உள்ளே வர மாட்டேன்" என்பதைக் கரையிலேயே, படகு ஏறுமுன் சொல்லிவிடுங்கள். 30 மீட்டருக்குக் கீழே யாருக்கும் மறுக்கும் தெளிவு இருக்காது.

மட்டக்களப்புக்கு வருகிறேன். இதை எழுதும்போது மனசு ஒரு பக்கம் சாய்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. துலாம்பெனில் வழிகாட்டியோடு உடைந்த ஆங்கிலத்தில் பேசினேன். மட்டக்களப்பு மாவட்டத்தின் கல்குடாவில் படகுக்காரரோடு தமிழில் பேசினேன்.

ஹெர்மிஸ், தொடக்கத்திலிருந்தே விமானந்தாங்கிக் கப்பலாக வரைந்து கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல். 1918-இல் பிரிட்டனில் வேலை தொடங்கினாலும் முடிக்க 1924 ஆகிவிட்டது. அதற்குள் ஜப்பானின் ஹோஷோ முந்திக்கொண்டு சேவைக்கு வந்துவிட்டது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அடுத்தது திருகோணமலை என்று தெரிந்ததும் துறைமுகத்தில் நின்ற கப்பல்களைத் தெற்கே போகச் சொன்னார்கள். ஹெர்மிஸ் தன் விமானங்கள் ஒன்றுகூட இல்லாமல் கிளம்பியது. ஏப்ரல் 9 காலை மட்டக்களப்புக்கு அருகே ஜப்பானிய வேவு விமானம் அதைப் பார்த்துவிட்டது. அலை அலையாக வந்த குண்டுவீச்சு விமானங்களுக்கு முன்னால் அது சிறிது நேரம்தான் தாங்கியது. 307 பேர் அதோடு போனார்கள். கூட வந்த ஆஸ்திரேலிய நாசகாரி வாம்பயரும் மூழ்கியது. அருகில் இருந்த வீட்டா என்ற மருத்துவக் கப்பல் சுமார் 600 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கியது. அதே நாளில் அதே கரையோரம் ஹோலிஹாக் என்ற காவல் கப்பலும், அதெல்ஸ்டேன், பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்ற இரண்டு எண்ணெய்க் கப்பல்களும் மூழ்கின.

பாசிக்குடாவிலிருந்தும் கல்குடாவிலிருந்தும் புதியவர் போகக்கூடிய கப்பல் இந்த பிரிட்டிஷ் சார்ஜென்ட்தான். இரண்டாக உடைந்து சுமார் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அட்வான்ஸ்டு இருந்தால் போதும். நான் போன காலையில் படகுக்காரர், அறுபது வயது இருக்கும், ஜிபிஎஸ் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்கவே இல்லை. கரையில் ஒரு பனைக்கூட்டத்தையும் தூரத்து மலையையும் சேர்த்துப் பார்த்து, எஞ்சினை அணைத்து நங்கூரத்தை விட்டார். "இது எங்களுக்குக் கப்பல் இல்ல தம்பி, பார். மீன் நிக்கிற பார். ஆனா வலை சிக்கினா சிக்கினதுதான், மறுகா எடுக்க ஏலாது" என்றார். பார் என்றால் அவர்கள் பேச்சில் கடலடிப் பாறைத்திட்டு. கீழே போனதும் அவர் சொன்னது புரிந்தது. கவிழ்ந்த இரும்பின் ஓரத்தில் பழைய நைலான் வலை துணி காயப்போட்ட மாதிரி தொங்கியது, அதற்குள் ஓர் அஞ்சாலை தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. கலவாய்கள் ஆளுக்கொரு இடுக்கில் காவல் நின்றன, மேலே பாரைக் கூட்டம் வட்டமடித்தது. அந்தத் தண்ணீரில் என்னோடு இருந்தவர்கள் என் நண்பரும் வழிகாட்டியும் மட்டும்தான். துலாம்பெனின் நெரிசலைப் பார்த்தவருக்கு இதன் மதிப்பு தெரியும். வலை இருக்கும் கப்பலுக்குப் போகும்போது கத்தியோ, கயிறு அறுக்கும் சின்னக் கருவியோ கட்டாயம் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும், முதுகுப் பக்கம் வேண்டாம்.

ஹெர்மிஸ் வேறு விஷயம். மட்டக்களப்பிலிருந்து படகில் கடலுக்குள் வெகுதூரம், திறந்த கடல், பலமான நீரோட்டம். மேலே நான் போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள்: 53 மீட்டரில் சாதாரண சிலிண்டர் 13 நிமிடம். அங்கே முறையாகப் போகிறவர்கள் இரட்டை சிலிண்டரோடு, மயக்கத்தைக் குறைக்க ஹீலியம் கலந்த வாயுவோடு, ஏறும்போது நிறுத்தங்களில் மூச்சிழுக்கத் தனி சிலிண்டரோடு போகிறார்கள். அடியில் 20 நிமிடம் இருந்தால் மேலே வர அதைவிட அதிக நேரம் ஆகும். அந்தப் பயிற்சி எனக்கு இன்னும் முடியவில்லை, அதனால்தான் இறங்கவில்லை. சாதாரணக் காற்றிலேயே ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று யாராவது சொன்னால், அந்தப் படகில் ஏறாதீர்கள். அப்புறம் அது 307 பேர் போன இடம். அங்கிருந்து ஒரு பித்தளைத் துண்டைக்கூட எடுக்கக் கூடாது. கோரோனுக்கும் இதே பேச்சுதான், அங்கே இறந்த ஜப்பானியர்களுக்கும் வீட்டில் காத்திருந்தவர்கள் இருந்தார்கள்.

பருவம் மூன்றுக்கும் வேறு வேறு. மட்டக்களப்புக் கடல் ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அமைதி. வாடைக்காற்று எழுந்துவிட்டால் மாதக்கணக்கில் படகு போகாது. டிசம்பரில் இலங்கை போகிறவர் மேற்குக் கரைக்குத்தான் போக வேண்டும், கொழும்பைச் சுற்றியும் பல கப்பல்கள் உண்டு. 2012-இல் பாணந்துறைக்கு அப்பால் மூழ்கிய தெர்மோபைலே சியெரா அவற்றில் ஒன்று. கோரோனுக்கு டிசம்பர் முதல் மே வரை நல்லது, அதன் பிறகு சூறாவளிக் காலம். துலாம்பெனில் வருடம் முழுக்க இறங்கலாம், ஜனவரி பிப்ரவரி மழையில் மட்டும் தண்ணீர் கொஞ்சம் கலங்கும்.

செலவில் இலங்கைதான் மலிவு, கொழும்பிலிருந்து ராத்திரி ரயில் ஏறினால் விடியும்போது மட்டக்களப்பு. பாலிக்கு விமானச் செலவு கூடுதல், ஆனால் படகுச் செலவே இல்லாததால் ஒவ்வொரு டைவும் மலிவாக முடியும். இந்தியர்களுக்கு அங்கே இறங்கியதும் 5 லட்சம் ரூபியாவுக்கு 30 நாள் விசா கிடைக்கிறது. கோரோனுக்கு மணிலா வழியாக இன்னொரு விமானம், தினமும் நாள் முழுக்கப் படகு. மூன்றிலும் அதுதான் அதிகம்.

நாள் கணக்குப் போடும்போது பலர் மறப்பது ஒன்று உண்டு. பல டைவ் செய்த பிறகு விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும், நான் ஒரு முழு நாள் விடுகிறேன். கோரோனிலிருந்து கிளம்பும் சின்ன விமானத்துக்கும் இது பொருந்தும். துலாம்பெனில் விமானத்துக்கு முன்பே இன்னொரு பொறி இருக்கிறது: டைவ் முடிந்த அன்றே மலைமேல் இருக்கும் கிந்தாமணி பார்க்கலாம் என்று டிரைவர்கள் அழைப்பார்கள். அந்த மலைச்சாலை கடலிலிருந்து சுமார் 1,500 மீட்டர் ஏறுகிறது. ரத்தத்தில் நைட்ரஜன் இருக்கும்போது அந்த உயரம் விமானத்தைப் போலத்தான். கடலோரச் சாலையிலேயே திரும்பச் சொல்லுங்கள்.

அழுத்த நோய் வந்தால் அதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை எங்கே என்று முன்பணம் கட்டுமுன் கேட்க வேண்டும். பாலியில் டென்பசாரின் பெரிய அரசு மருத்துவமனையில் இருக்கிறது, துலாம்பெனிலிருந்து தரைவழியாகவே போய்விடலாம். கோரோனிலும் மட்டக்களப்பிலும் இந்தக் கேள்விக்கு டைவ் கடைக்காரர் தயங்காமல் பதில் சொல்ல வேண்டும்: எந்த ஊர், எத்தனை மணி நேரம், யார் கொண்டுபோவார்கள், படகில் ஆக்சிஜன் இருக்கிறதா. தயங்கினால் பக்கத்துக் கடைக்குப் போங்கள். டைவிங் காப்பீடு தனியாக எடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் பல, ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே கைவிட்டுவிடும்.

அக்கா மகனுக்கு நான் போட்டுக் கொடுத்தது இதுதான். எட்டு நாளும் பாலி. முதல் மூன்று நாள் துலாம்பெனிலேயே அட்வான்ஸ்டு படிப்பு. படிப்புக்கான ஐந்து டைவில் ஆழ டைவையும், கப்பல் டைவையும், மிதப்புப் பயிற்சியையும் அங்கேயே முடிக்கலாம். அடுத்த இரண்டு நாள் விடியற்காலையிலும் மாலையிலும் லிபர்ட்டி, அதே கப்பல், திரும்பத் திரும்ப. ஒரே கப்பலில் ஆறாவது முறை இறங்கும்போதுதான் அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எங்கே முன்பக்கம், எங்கே பீரங்கி என்பதெல்லாம் வழிகாட்டி காட்டாமலே கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். கடைசி நாள் தண்ணீர் பக்கமே போகக் கூடாது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்ப ஹெர்மிஸ்?" என்றான்.

வருகிற ஜூலையில் நான் கல்குடா போகிறேன், அதே படகுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவனையும் வரச் சொன்னேன், பிரிட்டிஷ் சார்ஜென்ட்டுக்கு. ஒரு நாள் மதியம் படகை ஹெர்மிஸ் கிடக்கும் இடத்துக்கு விடச் சொல்லலாம். இறங்க மாட்டோம். எஞ்சினை அணைத்துவிட்டு அதற்கு மேலே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரலாம் என்றேன். சரி மாமா என்றான்.